வெறுங்கையர்: வாள் தொடாத வைத்தியர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எழுதிவரும் 'எழுமடை' தொடர்கதை, காவிரிக் கடைமடையைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. ஏழு மதகு, ஏழு வாய்க்கால், ஏழு வாள்குடி. பிறந்த பிள்ளையின் உதட்டில் சேனை தொட்டு வைக்கும் முன்பு வாள்முனையைத் தொட்டு வைக்கிற சனங்கள். அவர்கள் நடுவே, எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சத்தியம் செய்த ஒரு வைத்தியக் கூட்டம்: வெறுங்கையர். கதை படிப்பவர்கள் அரசனைப் பற்றிக் கேட்பதைவிட இவர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சிலர் கோபமாகவே கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இது.

'வெறுங்கையர்' என்பது அவர்களே வைத்துக்கொண்ட பெயரா?

இல்லை. வாள்குடிகள் வைத்த வசவு. கல்யாணப் பந்தலுக்கு வெறுங்கையோடு வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை உண்டே, அந்தப் பார்வையில் பிறந்த பெயர். நாளாக நாளாக அதையே அவர்கள் பெயராக்கிக்கொண்டார்கள்.

போரே வாழ்க்கை என்று இருக்கும் ஒரு சமூகம், சண்டை போடாதவர்களை ஏன் ஊருக்குள் வைத்திருக்கிறது?

சண்டை போடுகிறவனுக்குத்தான் வைத்தியர் அதிகம் தேவை என்பதால். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் சங்கப் பாடல்களைப் புரட்டினால் இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்று தெரியும். காயம்பட்டவன் கிடக்கும் வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், ஐயவி என்னும் வெண்கடுகைத் தூவுவார்கள், நறும்புகை போடுவார்கள், மணி அடிப்பார்கள், யாழை மீட்டிக் காஞ்சிப் பண் பாடுவார்கள். புறநானூறு 281ஆம் பாடலில் இது அத்தனையும் இருக்கிறது. 296ஆம் பாடலில் ஒரு தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, இதே சத்தமும் புகையும். அந்தத் தெருவை நினைத்துப் பாருங்கள். கையில் நெய்யோடு ஓடுகிறவர்கள், வேப்பங்கிளை ஒடிக்கிறவர்கள். போர்ப்பறை அடிக்கிற ஊரைத்தான் நாம் எப்போதும் படமாக எடுக்கிறோம். மறுநாள் காலை அந்த ஊர் எப்படி இருந்தது என்று யாரும் எடுப்பதில்லை.

தையல்கூட உண்டு. பதிற்றுப்பத்தில் ஓர் இடம்: குளத்தில் பாய்ந்து முங்கி எழுகிற மீன்கொத்தி போல, சதைக்குள் போய் வெளியே வரும் நீண்ட வெள்ளை ஊசி. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து மீன்கொத்தியைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் வேகமும் நனைந்த பளபளப்பும் உடனே பிடிபடும். முதல் அத்தியாயத்தில் வெறுங்கையர் கூட்டத்து அல்லி ஊசி பிடிக்கும் காட்சிக்கு அதுதான் விதை.

எழுமடையில் வெறுங்கையருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் வயலெல்லாம் சேறு. யானை இறங்காது, தேர் உருளாது, ஆளே முழங்கால் வரை புதைவான். அதனால் சண்டை எல்லாம் தை அறுவடைக்குப் பிறகு, நிலம் வெடித்துக் காய்ந்த மாதங்களில்தான். மீதி மாதங்களில் காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம். வாள்குடிப் பெண்கள் வெறுங்கையரை விட்டுக்கொடுக்காததற்கு இதுதான் காரணம். அவர்களுடைய கணவன்மார்களுக்கு இது புரிய ஏழெட்டு அத்தியாயம் ஆகிறது.

சரி, தேவைப்படுகிறவர்கள்தானே? அப்புறம் ஏன் ஒரே பந்தியில் உட்கார விடுவதில்லை? கோழைகள் என்பதாலா?

கோழைகள் என்று வாயால் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது பயம்.

வாள்குடிகளுக்கு மானம் இருக்கும் இடம் உடம்பில் குறித்துவைத்த ஓர் இடம்: மார்பு. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். இந்தக் கணக்கு என் கற்பனை இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதனின் முதுகில் புண் விழுந்தது. அவன் திரும்பி ஓடவில்லை. முன்னால் குறிவைத்து எறிந்த படைதான் பின்னாலும் புண் செய்தது. ஆனாலும் முதுகுப் புண் முதுகுப் புண்தான் என்று நாணி, வடக்கிருந்து பட்டினியால் உயிர்விட்டான். வென்றவன் ஊர்க்காரியான வெண்ணிக் குயத்தியார் கரிகாலனிடமே பாடினார்: நீ வென்றாய், சரி, ஆனால் வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா? அரசன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இந்தக் கதையைப் பள்ளியில் படித்தபோது எனக்கு வராத ஒரு கேள்வி, பின்னாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த முதுகை முதலில் பார்த்தது யார்? கவசத்தை அவிழ்த்து, ரத்தத்தைத் துடைத்து, "ஐயா, இந்தப் பக்கமும் வந்திருக்கு" என்று சொன்னது யார்? பாட்டில் அவன் இல்லை, எந்த உரையிலும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கை இருந்திருக்கத்தானே வேண்டும்?

வெறுங்கையரை நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். எழுமடையில் ஒவ்வொரு வீரனின் முதுகையும் பார்த்த ஒரே கூட்டம் அவர்கள். யாருடைய வடு எந்தப் பக்கம், எது வாளால் வந்தது, எது ஓடும்போது வேலியில் கிழிந்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவன் எதிரில் உட்கார்ந்தால் பந்தியில் சோறு இறங்குமா?

புண் கழுவிய தண்ணீரை ஏன் வாய்க்காலில் ஊற்றக்கூடாது? அந்த 'ஊமைக்குளம்' புரியவில்லை.

கதையில் இருக்கும் ஒரே மாயம் இதுதான், அதனால் விளக்கிவிடுகிறேன். எழுமடை ஆற்றுக்கு நினைவு உண்டு. புண் கழுவிய நீர் வாய்க்காலில் கலந்தால், அது எந்த வயலுக்குப் பாய்கிறதோ அந்த வயலின் நெல்லைச் சாப்பிட்டவர்கள் கனவில் அந்தக் காயம் நடந்த நொடியைக் காண்பார்கள். யார் குத்தினான், யார் ஓடினான், யார் கும்பிட்டுக் கெஞ்சினான், எல்லாம். தலைமடையில் ஊற்றியது கடைமடை வரை போகும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவன் செய்வது கீழே இருப்பவன் தட்டில் வந்து விழும் என்பது இங்கே கற்பனையே இல்லை.

அதனால் வெறுங்கையர் ஒவ்வொரு ஊரிலும் வாய்க்காலோடு சேராத ஒரு தனிக்குளம் வெட்டி, புண் நீரை அதில் மட்டும் ஊற்றுகிறார்கள். அதுதான் ஊமைக்குளம். கரை உயர்த்துவதும் காவல் இருப்பதும் அவர்களே. ஒரு கரையை உடைத்துவிட்டால் ஒரு குடியின் மானமே போய்விடும். அவர்கள் இதுவரை உடைத்ததில்லை. உடைக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொல்லமாட்டார்கள் சரி, பொய் சொல்வார்களா?

சொல்வார்கள். நிறையச் சொல்வார்கள். பதினோராம் அத்தியாயத்தில் ஏழாம் மதகுத் தலைவன் தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் வெறுங்கையர் கூட்டத்துப் பெரியாயியிடம் வந்து, "பெரியாயி, எங்க குத்துன்னு மட்டும் வெளிய சொல்லிடாத" என்கிறானே, அதற்கு அவள் ஒன்றும் பேசாமல் விளக்கைத் தாழ்த்துகிறாள். அவ்வளவுதான்.

சிலர் இதை நேர்மைக்கேடு என்று எழுதியிருந்தார்கள். புறநானூற்றில் ஒரு தாய் வருகிறாள், 278ஆம் பாடல். மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொல்ல, அது உண்மையானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். துண்டுபட்டுக் கிடந்த மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். இந்தப் பாட்டை மேடையில் சொன்னால் இன்றைக்கும் கை தட்டுவார்கள். எனக்கு அடிவயிறு கலங்கும். அதே களத்தில் அதே உடம்புகளைப் புரட்டிக்கொண்டு வேறு ஒருத்தியும் வருகிறாள், மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு. இரண்டு பேரும் ஒரே உடம்பின் மேல் குனியும் காட்சியை எழுதத்தான் இந்தக் கதையே. எது உண்மை என்று அந்தத் தாய் கேட்டால் பெரியாயி பொய்தான் சொல்லுவாள். நானும் சொல்லுவேன்.

குணமாக்கிய வீரன் திரும்பிப் போய் நாலு பேரை வெட்டுகிறான். இது என்ன அகிம்சை?

இதுதான் கோபமாக வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. என்னிடம் சுத்தமான பதில் இல்லை. வெறுங்கையருக்குள்ளேயே இதற்காகச் சண்டை உண்டு. "வாள் தீட்டுகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவன் இரும்பைத் தீட்டுகிறான், நாம் ஆளைத் தீட்டுகிறோம்" என்று அல்லி ஓரிடத்தில் வெடிக்கிறாள். பெரியாயி அதை மறுப்பதில்லை.

அவர்கள் கண்டுபிடித்த வழி ஒரு தந்திரம்: நாள் கடத்துவது. பத்து நாளில் ஆறும் புண்ணுக்கு ஒரு மண்டலம் பத்தியம். "புளி தொடக்கூடாது, வெயில் படக்கூடாது, இரும்பு தொடக்கூடாது." அதற்குள் ஆடி வந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருஷத்துச் சண்டை முடிந்தது. இது ஏமாற்றா என்றால், ஏமாற்றுதான். எத்தனை உயிர் இதனால் பிழைத்தது என்று கணக்குப் போட முடியாத ஏமாற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குணமாக்கும் அறிவும் கொல்லும் அறிவும் தனித்தனி அலமாரியில் இல்லை. நம் வர்மக் கலையையே பாருங்கள். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 இடங்கள் என்பார்கள். எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று தெரிந்த ஆசான்தான், விழுந்தவனை எந்த இடத்தில் தடவி எழுப்புவது என்றும் தெரிந்தவர். அந்த ஆசான்களின் வீட்டில் விளக்கெண்ணெய் வாசனையும் கம்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வெறுங்கையரும் அப்பாவிகள் இல்லை. அந்த நாட்டிலேயே மிகச் சுலபமாகக் கொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். சத்தியம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கொல்லத் தெரியாதவனுக்குச் சத்தியம் தேவையில்லையே.

எதிரி வீரனுக்கும் வைத்தியம் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். ஊர்க்காரனுக்குப் பார்த்து முடித்த பிறகு. இந்த வரிசையை மாற்றச் சொல்லி வந்த கடிதங்களைப் படித்தேன், மாற்றமாட்டேன். அவர்களும் அந்த ஊரில்தான் அரிசி வாங்க வேண்டும்.

படுக்கையில் செத்தவனை வாளால் கீறிப் புதைப்பது கொடூரம். இப்படியெல்லாம் கற்பனை செய்ய வேண்டுமா?

அது என் கற்பனையாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். புறநானூறு 93இல் ஔவையார் சொல்கிறார்: நோயில் இறந்த அரசரைப் புல் பரப்பிக் கிடத்தி, போரில் வீழ்ந்த மறவர் போகும் இடத்துக்கு நீயும் போ என்று வாளால் பிளந்து அடக்கும் வழக்கம். 74ஆம் பாடலில் பிறந்தவுடன் இறந்த குழந்தைக்கும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்ததற்கும்கூட வாள்வெட்டு உண்டு. ஒரு சமூகம் நோயில் சாவதை எவ்வளவு கேவலமாக நினைத்திருக்க வேண்டும்!

வைத்தியர் பக்கமிருந்து யோசித்தால் இது இன்னும் கடினம். முப்பது நாள் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்ட உடம்பு. கடைசி மூச்சு போனதும் மைத்துனன்மார் வாளோடு உள்ளே வருகிறார்கள். ஏழாம் அத்தியாயத்தில் அல்லி வாசலில் நின்று மறிக்கிறாள். பெரியாயி அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறாள். "செத்தவனுக்கு வலிக்காது. வெட்டாம விட்டா இருக்கிறவனுக்கு வலிக்கும்." பெரியாயி செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எழுதும்போதும் தெரியவில்லை.

இவர்கள் சமணரா, பௌத்தரா?

இரண்டும் இல்லை, இரண்டிலிருந்தும் கடன் உண்டு. சமணத்தில் நான்கு தானங்கள்: உணவு, அடைக்கலம், மருந்து, நூல். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்பார்கள். மருந்தும் அடைக்கலமும் ஒரே பட்டியலில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. வெறுங்கையர் வீட்டு வாசலைத் தாண்டியவனை யாரும் துரத்தக்கூடாது என்ற விதி அங்கிருந்து வந்தது. டெல்டாவில் இதெல்லாம் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. மன்னார்குடியில் சமணரின் மல்லிநாதர் கோயில் இருக்கிறது, திருவாரூர்ப் பக்கம் தீபங்குடியில் சமணக் கோயில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்தது, ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்குக் கொடையாகப் போனது. ஒரு வேடிக்கை: பிணமும் பேயும் கூழும் நிறைந்த கலிங்கத்துப்பரணியைப் பாடிய செயங்கொண்டாரின் ஊர் இந்தத் தீபங்குடிதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கொல்லாமை பேசும் கோயில் உள்ள ஊரும் போர்க்களப் பாட்டும் இப்படித்தான் இங்கே ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

சோழர் காலத்தில் உண்மையிலேயே இப்படி வைத்தியர்கள் இருந்தார்களா?

வைத்தியர்கள் இருந்தார்கள். கொல்லாமைச் சத்தியம் எடுத்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜராஜனின் அக்கா குந்தவை, தந்தை சுந்தர சோழர் பெயரால் தஞ்சாவூரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, வைத்து, அதற்கு நிலம் விட்டார். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கை உள்ள ஆதுலசாலையைப் பற்றி விவரமாகச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், மருந்து காய்ச்சும் பெண்கள் என்று ஆள் கணக்கும் உண்டு. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், அறுவை செய்பவருக்கு 30 கலம். கத்தி பிடிக்கிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு! இதைப் படித்த அன்றைக்குத்தான் வெறுங்கையருக்குள்ளேயே 'ஊசிக்காரர்', 'மருந்துக்காரர்' என்று மேல்கீழ் வைத்தேன்.

வைத்தியத்துக்கு விட்ட நிலம் மருத்துவக்காணி. போரில் செத்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். எழுமடையில் இந்த இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரே வரப்பு. அந்த வரப்புத் தகராறுதான் இரண்டாம் பாகம்.

பெண்கள் மட்டும்தான் வெறுங்கையர் ஆகலாமா?

ஆண்களும் உண்டு. கைம்பெண்கள் அதிகம், ஏனென்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் பதிப்பில் வந்த வெட்டுக்காயப் பூண்டு இப்போது காணோமே?

நானே எடுத்துவிட்டேன். அந்த மஞ்சள் பூச்செடி, சில ஊரில் கிணற்றுப்பாசான், பிள்ளைகள் வாயில் தாத்தாப்பூ, எங்கள் வீட்டு வரப்பெல்லாம் கிடக்கும். சின்ன வயதில் அரிவாள் பட்டு விரல் கிழிந்தால் அப்பாயி அதைக் கசக்கித்தான் பிழிந்துவிடுவார். ஆதிகாலத்துப் பச்சிலை என்றே நினைத்திருந்தேன். பார்த்தால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. கற்பனை நாடுதானே, என்ன வேண்டுமானாலும் முளைக்கலாம் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். மனசு கேட்கவில்லை. இப்போது மஞ்சள், நெய், வேம்பு, ஆலம்பட்டைக் கஷாயம். மிளகாயும் அதே காரணத்துக்காகப் போய்விட்டது. எழுமடையில் காரத்துக்கு மிளகுதான்.

வெறுங்கையருக்கு ஏன் ஒரு தெய்வம்கூட இல்லை?

வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்தில் இருக்கும்போது நான் எந்தத் தெய்வத்தைப் புதிதாகச் செய்வது? அந்தக் கோயிலின் நோயாளிப் பட்டியலைப் பாருங்கள். சூரபத்மனோடு போரிட்டுக் காயப்பட்ட முருகனின் படைக்கு அங்கே மருந்து கிடைத்தது என்பார்கள். போர்க்கிரகமான செவ்வாய் தோல்நோய் தீர்ந்தது அங்கே. ராவணனோடு சண்டையிட்டு விழுந்த சடாயுவுக்கு ஒரு குண்டம். அத்தனை பேரும் சண்டைக்காரர்கள்! நடுவில் தைலப் பாத்திரத்தோடு தையல்நாயகி. இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

கடைசியில் அல்லி வாள் எடுப்பாளா?

சொல்லமாட்டேன். ஊமைக்குளத்தின் கரையில் எலி வளை போட்டிருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வெண்ணிக்கு நேரில் போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் கோவில்வெண்ணி. கரும்பேஸ்வரர் கோயில். சர்க்கரை நோய் தீர வேண்டி வருகிறவர்கள் ரவையையும் சர்க்கரையையும் கலந்து பிராகாரத்தில் எறும்புக்குப் போடுகிறார்கள். நான் போன அன்று கூட்டம் இல்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலில் கட்டிய துணியோடு மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வெளியே பொட்டலம் விற்ற அம்மாளிடம், "இங்கே பெரிய சண்டை நடந்ததாமே, எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"சண்டையா? எப்பம்மா?" என்று பதறினார். அப்புறம் என் கையில் பொட்டலத்தை வைத்து, "செவுத்தோரமா போடும்மா, அங்கதான் எறும்பு சாஸ்தி" என்றார்.